முற்றவெளி யாருடைய முற்றம்?

யாழ்ப்பாணத்து வீடுகளிலே முற்றம் என்று ஓர் இடம் உண்டு. அஃது அறையுமன்று, தெருவுமன்று. வீட்டாருக்கு உரியதாயினும், வந்தவர் எவரும் வினவாமலே அடிவைத்தற்கு உரியது. விடியற்காலையிலே அதனைக் கூட்டிச் சாணநீர் தெளித்துத் தூய்மை செய்வர். நெல் உலர்வதும், ஒடியல் காய்வதும், குழந்தை தவழ்ந்து விளையாடுவதும் அங்கேதான். மணப்பந்தர் இடுவதும் அங்கே. அவ்வீட்டில் ஒருவர் இறந்துபட்டால் ஊரார் கூடி நிற்பதும் அங்கே. மங்கலமும் அமங்கலமும் ஒரே நிலத்திலே நிகழ்ந்தும், அந்நிலத்தின் மதிப்பு ஒருபோதும் குறைவதில்லை.

ஊருக்கும் அத்தகையதொரு முற்றம் வேண்டுமன்றோ? நமது நகரத்திலே அதற்கு வழங்கும் பெயர் முற்றவெளி. ஒருபால் கோட்டையும் அதன் அகழியும். அப்பாற் பண்ணைக் கடல்நீரேரி. மற்றொருபால் பொது நூலகமும் புல்லுக்குளமும், அக்குளக்கரையிலே அண்மையில் எழுந்த கலாசார மையமும். சற்றே தள்ளி, 1875 ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம். இவற்றின் நடுவே புல்லும் புழுதியுமாய்க் கிடக்கும் வெட்டவெளியை என் செய்வது என்பதே இப்பொழுது ஊரிலே நடைபெறும் பேச்சு. அப்பேச்சிலே யானும் ஒரு பங்காளியானேன்; அதிலே ஒரு பிழையும் செய்தேன். அப்பிழையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் தெருவிலே ஒரு வாசிகசாலை உண்டு. அங்கே சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கூட்டம் நடைபெற்றது. எங்கள் அயலிற் பிறந்து வளர்ந்து கட்டடக்கலை பயிலும் ஓர் இளைஞர், முற்றவெளியைப் பொலிவுறச் செய்தற்குத் தாமே ஒரு வரைபடம் வரைந்து கொணர்ந்திருந்தார். அதனை ஒரு மகஜருடன் இணைத்து, ஊரவர் கைச்சாத்திட்டு, நகர நிருவாகத்தாருக்கு அனுப்புவது என்பது எண்ணம். வரைபடம் கண்ணைக் கவர்ந்தது. கருங்கல் பாவிய தளம், நடுவே நீரூற்று, வரிசையாக மின்விளக்குத் தூண்கள், ஓரத்திலே ஒரேவகைக் கூரையிட்ட கடைத்தொகுதி.

அதன்மேற் பேச்சு எழுந்தது. அயல்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய ஒருவர், ‘அங்குள்ள நகரங்களிலே இத்தகைய இடத்தைக் கண்டுதான் ஊரை மதிக்கிறார்கள், நாம் இன்னும் எத்தனை காலம் புழுதியிலே நிற்பது?’ என்றார். கடைவீதியிலே துணிக்கடை நடத்தும் ஒருவர், ‘நீரூற்று இருக்கட்டும்; வருகின்றவர் வாகனத்தை எங்கே விடுவது?’ என்று கேட்டார். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், எழுபது வயதைக் கடந்தவர், எழுந்து நின்று, ‘அந்த மண்ணிலே உயிர்கள் போயிருக்கின்றன. அதன்மேலே நீரூற்று வைத்து விளையாடுவதா? உள்ளதை உள்ளபடியே விடுங்கள்’ என்று கூறி அமர்ந்தார். அவ்வுரையின்பின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

எனினும் பெரும்பான்மையோர் வரைபடத்தை விரும்பினர். மகஜர் எழுதும் பொறுப்பு என் தலைமேல் வந்தது. ‘பண்டிதர் ஐயா எழுதினால் ஒரு சொல்லும் பிழையாகாது’ என்றார்கள். அப்புகழுரையிலே யான் சிறிது மயங்கினேன் என்பதை மறைத்தல் தகாது. இரண்டு இரவு விழித்திருந்து, ‘நகரின் மத்திய சதுக்கத்தைப் பொலிவுறச் செய்தல்’ என்ற தலைப்பிலே மூன்று பக்கம் எழுதினேன். அடுத்த கூட்டத்திலே அதனை உரத்துப் படித்தேன். கடைசி வேண்டுகோள் இது: ‘காட்சிக்கு இடையூறாகவுள்ள நடைபாதை வியாபாரிகளை அப்புறப்படுத்தல்.’ கேட்டோர் தலையசைத்தனர்.

அப்பொழுது வாசற்படியிலே இருந்த ஒரு முதியவள் எழுந்தாள். எங்கள் தெருவின் கடைசி வீட்டிலே வாழ்பவள். மாலைதோறும் முற்றவெளியோரத்திலே ஒரு சிறு முக்காலியும் சுளகும் வைத்துக் கச்சான் விற்பவள். ஊரிலே எல்லாருக்கும் அவள் ஆச்சி.

‘பண்டிதர் ஐயா, நல்லா வாசிச்சியள். அந்தப் படத்திலை நான் எங்கை இருக்கிறன் எண்டு ஒருக்காக் காட்டுங்கோ’ என்றாள்.

இளைஞர் வரைபடத்தை விரித்தார். அதிலே ஆசனங்கள் இருந்தன. நிழல் மரங்கள் இருந்தன. உலாவுகின்ற மனித உருவங்கள் கூடச் சிறிது சிறிதாக வரையப்பட்டிருந்தன. சுளகு வைத்திருப்பார் ஒருவரும் இல்லை.

‘அப்ப, அப்புறப்படுத்திறது எண்டு வாசிச்சது என்னைத்தானே?’

அதற்கு விடை கூற என்னால் இயலவில்லை. எழுத்துப்பிழை ஒன்றேனும் இல்லாத மகஜர் அது. மனிதரைப் பிழையாக எண்ணிய மகஜரும் அதுவே. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ‘இன்னும் சில நாள் தவணை தாருங்கள்’ என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கே முற்றவெளிக்குச் சென்றேன். நூலகத்துக்குப் போகும்போது அவ்வழியாக நூறுமுறை சைக்கிளிலே கடந்தவன் யான். அங்கே அமர்ந்து பார்த்தவனல்லன். வெயில் தணியாத வேளையிலே நிழல் இருந்த இடங்களிலேதான் ஆட்கள் இருந்தார்கள். ஒரு மரத்தின்கீழ் முச்சக்கர வண்டிச் சாரதிகள் மூவர். இன்னொன்றின்கீழ்ப் பாடப்புத்தகத்துடன் மாணவர் இருவர். வெயில் சாய்ந்ததும் பந்துடன் சிறுவர் வந்தனர். கைக்குழந்தையோடு ஒரு தாய் வந்தாள். சக்கர நாற்காலியிலே ஒருவர், போரிற் காலிழந்தவர் போலும், வீதியோரம் வரை வந்து, உள்ளே செல்ல வழியின்றி அங்கேயே நின்று காற்று வாங்கினார். ஆச்சி தன் சுளகைப் பரப்பினாள். அவளைச் சுற்றியே ஒரு சிறு கூட்டம் உண்டாயிற்று. ஒரு சுண்டு கச்சான் வாங்கியோர் உடனே போய்விடவில்லை, நின்று கதைத்தார்கள்.

இருள் பரவியதும் பெண்கள் எழுந்து செல்லத் தொடங்கினர். ‘ஏன் ஆச்சி, இவ்வளவு நேரத்தோடு போகிறார்கள்?’ என்று கேட்டேன். ‘வெளிச்சம் இல்லை, கிட்டடியிலை ஒதுங்க ஒரு இடமும் இல்லை. பொம்பிளையள் என்னண்டு ஐயா இருக்கிறது?’ என்றாள். எங்கள் மூன்று பக்க மகஜரிலே நீரூற்று இருந்தது. குடிநீர்க் குழாய் இல்லை. கருங்கல் தளம் இருந்தது, கழிப்பிடம் இல்லை.

அன்றிரவு சிலப்பதிகாரத்தை எடுத்து, இந்திரவிழவூரெடுத்த காதையைப் புரட்டினேன். மாணாக்கருக்குப் பலகாலும் படிப்பித்த பகுதி. புகார் நகரின் இரு பாக்கங்களுக்கு இடையே இருந்த நாளங்காடி ஒரு மரச்சோலை. மரங்களின் அடிகளே அங்கே கடைகளுக்குக் கால்கள். விற்போரும் கொள்வோரும் இடும் ஓசை அங்கே ஓய்வதில்லை. அவ்வாணிகத்தின் நடுவிலேயே காவற்பூதத்துக்குப் பலிபீடமும் இருந்தது. தெய்வம் உறையும் இடத்திலே வியாபாரம் இடையூறு என்று அக்காலத்தார் எண்ணினாரல்லர்.

அதன்பின் அந்நகரின் ஐந்து மன்றங்களை இளங்கோவடிகள் கூறுகின்றார். முதலாவது வெள்ளிடை மன்றம். பெயரும் அளவும் பொறித்த பொதிகள் கதவும் காவலுமின்றி அங்கே கிடக்கும். களவாடியவன் அப்பொதியைத் தலையிலே சுமந்து திரிய வேண்டியதுதான். வெள்ளிடை என்பதற்கு வெளியான இடம் என்பதே பொருள்; நம் முற்றவெளிக்கு இதனினும் நெருங்கிய பழஞ்சொல் கிடைத்தல் அரிது. அடுத்தது இலஞ்சி மன்றம்: கூனரும் குறளரும் ஊமரும் செவிடரும் நோயுற்றோரும் நீராடிக் குறை தீர்ந்து செல்லும் பொய்கை. நெடுங்கல் மன்றம் பித்தேறினோர்க்கும் நஞ்சுண்டோர்க்கும் பாம்பு தீண்டினோர்க்கும் துயர் தீர்க்கும் இடம். பூத சதுக்கம் பொய்ச்சான்று கூறுவோரையும் புறங்கூறுவோரையும் ஒறுக்கும் இடம். பாவை மன்றத்திலே, அரசன் கோல் கோடினாலும் நீதிமன்றம் ஒருபக்கம் சாய்ந்தாலும், ஒரு பாவை வாய் திறவாது கண்ணீர் உகுக்கும்.

இவற்றைப் பலமுறை படிப்பித்தும் யான் கவனியாத ஒன்று அன்று புலனாயிற்று. இம்மன்றங்களின் தளம் எக்கல்லாற் பாவப்பட்டது என்று அடிகள் கூறினாரல்லர். அங்கே யாருக்கு என்ன குறை தீர்ந்தது என்றே கூறினார். ஐந்து மன்றங்களும் ஐந்து கட்டடங்களின் வருணனையல்ல; ஓர் ஊர் தன் மக்களுக்குச் செய்யவேண்டிய ஐந்து கடமைகளின் வருணனை.

‘இது பழங்கதை, நம் காலத்துக்கு ஆகாது’ என்பாரும் உளர். அவர்கள் கொழும்பிலுள்ள காலிமுகத் திடலை எண்ணிப் பார்க்கலாம். அதன் வரலாறும் நம் முற்றவெளியின் வரலாறும் ஒரு வகையில் உடன்பிறந்தவை. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக்குக் குறி மறையாதிருத்தற் பொருட்டே கோட்டைகளின் முன் இத்தகைய வெளிகள் வெறுமையாக விடப்பட்டன. நமது கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1795 இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பீரங்கிகள் ஓய்ந்தன, வெளி மிஞ்சியது. கொலைத்தொழிலுக்காக வெறுமையாக்கப்பட்ட நிலம் மக்களுக்கு விளையாடவும் கூடவும் உரிய நிலமாயிற்று. கொழும்பிலே தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், 1859 இல் நிறைவுற்ற காலிமுக உலாவீதியைக் கொழும்பு நகரத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகப் பேணுமாறு தமக்குப்பின் வருவோரைக் கேட்டுக் கல்லிலே பொறித்து வைத்தார். மாலையிலே பட்டம் விட்ட அத்திடலிலேயே 2022 ஆம் ஆண்டில் மக்கள் மாதக்கணக்காகக் கூடாரமிட்டு இருந்து ஆட்சியாளரை எதிர்த்தனர். வேலியிட்டுக் கட்டணம் வாங்கும் பூங்காவாக அஃது இருந்திருப்பின், குழந்தைகளுக்கும் இடமில்லை. நீதி கேட்டோருக்கும் இடமில்லை.

மூன்றாவது கூட்டத்திலே இவற்றை எடுத்துரைத்தேன். நீர்ப்பாசனப் பகுதியிலே பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர், யான் அறியாத மற்றொரு காரணம் கூறினார். ‘யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லினுள்ளே தேங்கும் மழைநீரே நம் கிணறுகளிலே ஊறுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே பெய்வதை மண் குடித்தால்தான் சித்திரையிலே நாம் குடிக்கலாம். நகரத்தின் நடுவிலுள்ள வெளியைக் கருங்கல்லாலும் கொங்கிறீற்றாலும் மூடினால், மாரியிலே தெருவில் வெள்ளம். கோடையிலே கல்லின் வெக்கை. தளம் வேண்டுமாயின் நடைபாதைக்கு மட்டும் இடுங்கள். மற்றையது மண்ணாகவும் புல்லாகவும் இருக்கட்டும்’ என்றார். ‘ஆரியகுளத்தை 2021 இல் திருத்தியபின் மாலையிலே அங்கே எத்தனை பேர் வருகிறார்கள், பார்த்தீர்களா? நீரை மூடவில்லை, கரையைத்தான் திருத்தினார்கள்’ என்றும் எடுத்துக்காட்டினார்.

எஞ்சியது தபாலதிபரின் சொல். அதுவே கனமானது. நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள், 1974 தை 10. வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே, தமிழ் கேட்பதற்காகத் திரண்டிருந்த கூட்டத்திலே காவற்படையினர் புகுந்தபோது ஒன்பது உயிர்கள் பறிபோயின. அவர்களின் நினைவுத்தூண்கள் அங்கே நிற்கின்றன. அதே வெளியின் ஓரத்திலே நின்ற நூலகம் 1981 ஆம் ஆண்டு வைகாசி 31 இரவு தீயிடப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அக்காலத்தில் யான் பத்து வயதுச் சிறுவன். காற்றிலே பறந்து வந்த கருகிய தாள் ஒன்றை என் தந்தையார் எடுத்து, எழுத்துத் தெரிகின்றதா என்று விளக்கொளியிலே திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்றும் என் கண்முன் நிற்கின்றது. பின்னர்க் கோட்டையைச் சூழ்ந்து போர் நடந்தது. 1990 இலே நகரின் இப்பகுதி முழுவதும் இடிபாடாகக் கிடந்ததை எங்கள் தலைமுறை கண்டது. இவ்வளவும் தாங்கிய மண்ணிலே விளக்கும் ஆசனமும் தகுமோ என்று கேட்பவரை எளிதிலே மறுத்தல் ஆகாது.

அவருக்கு மறுமொழி கூறியவர் பல்கலைக்கழகத்திலே பயிலும் ஓர் இளம்பெண். ‘அப்பு, நூலகம் எரிந்தபின்னும் இதே கேள்வி எழுந்தது என்று படித்திருக்கிறேன். எரிந்த சுவரை அப்படியே நினைவாக விடவேண்டும் என்றும் சிலர் சொன்னார்கள். மீளக் கட்டவேண்டும் என்றும் சிலர் சொன்னார்கள். கட்டியதாலேதான் நான் இன்று அங்கே இருந்து படிக்கிறேன். எரிந்ததை நான் மறக்கவில்லை. அங்கே போகாதிருந்தால் மறந்திருப்பேன்’ என்றார். தபாலதிபர் நெடுநேரம் அவரையே நோக்கியிருந்தார். பின்பு, ‘அப்படியானால் அந்தத் தூண்களைச் சுற்றிக் கடையும் வாகனமும் வரக்கூடாது. யார் இறந்தார்கள், ஏன் இறந்தார்கள் என்று பிள்ளைகள் வாசித்து அறியும்படி ஒரு பலகை வேண்டும்’ என்றார். முற்றம் மணத்துக்கும் உரியது, பிணத்துக்கும் உரியது என்பதை அவ்விருவரும் தம்முள்ளே தீர்த்துவைத்தனர். அவர்கள் தீர்த்ததைக் கேட்டு எழுதியதே என் வேலை.

இரண்டாவது மகஜர் ஒரு பக்கத்துள் அடங்கிற்று. நிழல் தரும் மரங்கள், வேம்பும் வாகையும் மருதுமாக. குடிநீர். பெண்களும் ஆண்களும் பயன்படுத்தத்தக்க கழிப்பிடமும் அதனை நாடோறும் தூய்மை செய்ய ஓர் ஆளும். கண்ணைக் குத்தாத விளக்குகள். சக்கர நாற்காலி செல்லுதற்குச் சரிவான நடைபாதை. நினைவுத்தூண்களுக்கு மதிப்பான இடைவெளி. இப்பொழுது அங்கே விற்பவர்களுக்கே முதலிடம் கொடுத்து, அவர்கள் கருவிகளை வைக்க ஓர் ஒதுக்கிடம். வேலி வேண்டா, கட்டணம் வேண்டா, நடுவெளி வெறுமையாகவே இருக்கட்டும். எக்காரியமும் தொடங்குமுன் அங்கே வருவோரை அழைத்துக் கேட்டல் வேண்டும். இளைஞரும் தம் வரைபடத்தைத் திருத்தினார். முதற்படத்திலே நிறைந்திருந்த நடுப்பகுதி இரண்டாம் படத்திலே வெறுந்தாளாய் இருந்தது. ‘வெறுமையாக விடுவதுதான் வரைவதற்குக் கடினம், ஐயா’ என்றார்.

எல்லாரும் உடன்பட்டனர் என்று கூறமாட்டேன். துணிக்கடைக்காரர் கைச்சாத்திடவில்லை. வாகனம் நிறுத்த இடமின்றேல் கடைவீதி வாடும் என்பது அவர் கருத்து. அதிலும் நியாயம் உண்டு. அவ்விடம் வெளிக்குள்ளே அன்று, அதற்கு அப்பால் அமைதல் வேண்டும் என்பதைத் தவிர வேறு விடை எங்களிடம் இல்லை.

கைச்சாத்திடும் வேளையிலே ஆச்சி காகிதத்தை வாங்கித் தன் கண்ணாடியை அணிந்துகொண்டு தலைப்பை வாசித்தாள்.

‘இதென்ன ஐயா, மத்திய சதுக்கம்? எங்கை இருக்குது அது?’

‘முற்றவெளியைத்தான் ஆச்சி அப்படி எழுதினேன்.’

‘அப்ப முற்றவெளி எண்டே எழுதுங்கோவன்.’

அவள் கூறியதே சரி. கலாசார மையத்துக்கு 2025 தை மாதத்திலே திருவள்ளுவர் பெயரைச் சூட்டி, யாழ்ப்பாணம் என்ற பெயரை விட்டபோது இந்நகரத்தார் குறைப்பட்டுக்கொண்டதையும், பின்பு அப்பெயர் மீளச் சேர்க்கப்பட்டதையும் வாசகர்கள் அறிவர். வள்ளுவரை வேண்டாதாரா நம்மவர்? தம் ஊரின் பெயரையும் வேண்டினர், அவ்வளவே. சதுக்கம் காப்பியத்தில் உள்ள நல்ல சொல்தான். ஆயினும் இந்த நிலத்தின் பெயர் அதுவன்று. அச்சொல்லை வெட்டி, மேலே முற்றவெளி என்று எழுதினேன். தமிழ் படிப்பிக்கும் என் மகஜரிலே ஒரு சொல்லைத் திருத்தியவள் ஆச்சி ஒருத்தியே. திருத்தியபின்பே அவள் கைச்சாத்திட்டாள்.

மகஜர் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுமொழி இன்னும் வரவில்லை. வருமுன் வாசகர்கள் ஒரு மாலைப்பொழுது அங்கே சென்று அமர்ந்து பார்த்தல் நன்று. ஆச்சியிடம் ஒரு சுண்டு கச்சான் வாங்கிக்கொண்டால் இருத்தற்கும் ஒரு காரணம் கிடைக்கும்.